எட்டுப் பேரோடு தனியாகவா, பக்கத்து ஊரோடு சேர்ந்தா?

ஐயோவா, மினசோட்டா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா ஆகிய அமெரிக்க மாநிலங்களின் சிற்றூர்களில் குளிர்காலம் வந்தால் பள்ளி மல்யுத்தம்தான் பேச்சு. பிப்ரவரியில் ஐயோவா மாநிலப் போட்டி டெமாயின் நகரில் நடக்கும்போது, சோளமும் பன்றியும் வளர்க்கிற ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போவார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்ற டேன் கேபிள் ஐயோவாவின் வாட்டர்லூ ஊர்ப் பள்ளியில் படித்தவர். பள்ளி நாட்களில் 64 போட்டி, 64 வெற்றி. அப்படிப்பட்ட மண்ணிலேயே இன்று பல பள்ளிகளால் ஓர் அணியை முழுசாக நிறுத்த முடியவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பண்ணைகள் பெரிதாகிக்கொண்டே போயின, பண்ணைக் குடும்பங்கள் குறைந்துகொண்டே வந்தன. 1980களின் விவசாய நெருக்கடியில் கடன் தாங்காமல் நிலத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் வேறு ஊர்களில் வளர்ந்தார்கள். 1950களில் ஆயிரக்கணக்கில் இருந்த ஐயோவாவின் பள்ளி மாவட்டங்கள் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகப் பகுதிகள்) ஒன்றோடொன்று இணைந்து இன்று சுமார் 325-இல் வந்து நிற்கின்றன. இணைந்த பிறகும் வகுப்புக்கு 25, 30 பிள்ளைகள் மட்டுமே உள்ள பள்ளிகள் இருக்கின்றன. கூடைப்பந்து ஆட ஐந்து பேர் போதும். மல்யுத்தத்துக்கு வழக்கமான கணக்குப்படி 14 பேர் வேண்டும். அதுவும் 106 பவுண்டு முதல் 285 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 48 கிலோ முதல் 129 கிலோ வரை, எடைப் பிரிவுக்கு ஒருவராக வேண்டும். நடுவில் ஒரு எடை காலியாக இருந்தால் அந்த இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திச் சமாளிக்க முடியாது. தன் எடைப் பிரிவிலோ அதற்கு அடுத்த மேல் பிரிவிலோ மட்டும்தான் ஒருவர் இறங்கலாம்.

எட்டு, ஒன்பது பிள்ளைகளை மட்டும் வைத்திருக்கும் பள்ளிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. குறையணியோடு தனியாகவே தொடர்வது. பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பந்தம் போட்டு ஒரே கூட்டு அணியாக இறங்குவது. அணிப் போட்டி ஆசையை விட்டுவிட்டு, தனிநபர் போட்டிகளுக்கு மட்டும் பிள்ளைகளை அனுப்புவது. பள்ளிகளையே இணைத்துவிடுவது நான்காவது வழி என்று சிலர் சொல்லலாம். அது பாடம், வரி, ஆசிரியர் வேலை எல்லாம் சேர்ந்த பெரிய விவகாரம், மல்யுத்தத்துக்காக யாரும் செய்வதில்லை. அதை விட்டுவிடுவோம்.

இந்த விவாதம் எந்த ஊரில் நடந்தாலும் முதலில் கையில் எடுப்பது அணிப் போட்டியின் மதிப்பெண்ணைத்தான். அது முக்கியம்தான். ஆனால் முடிவை அதை வைத்து எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. திங்கள்கிழமை மாலை பயிற்சி அறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் எடைக்கு ஒத்த ஒரு ஜோடி இருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி.

இருந்தாலும் மதிப்பெண் கணக்கையும் பார்த்துவிடுவோம். இரண்டு பள்ளிகள் நேருக்கு நேர் மோதும்போது ஒவ்வொரு எடையிலும் ஒரு போட்டி. எதிராளியின் தோள்களைப் பாயில் பதித்து வென்றால் அணிக்கு 6 புள்ளி, குறைந்த வித்தியாசத்தில் வென்றால் 3. எதிரணியில் அந்த எடைக்கு ஆளே இல்லையென்றால் அதற்கும் முழுதாக 6. இப்போது எட்டுப் பேர் அணி ஒன்று, 14 பேரும் இருக்கும் அணியோடு மோதுகிறது. ஒருவரும் பாயில் கால் வைப்பதற்கு முன்பே ஆறு எடைகளில் 36 புள்ளி போய்விட்டது. மிச்ச எட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆறை வெல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: தோள் பதித்து இரண்டு, புள்ளியில் நான்கு. மொத்தம் 24. தோற்ற இரண்டுக்கும் சேர்த்து எதிரணிக்கு இன்னொரு 6. எட்டில் ஆறை வென்றும் முடிவு 42–24 என்ற தோல்வி.

இரண்டு பக்கமும் குறையணி என்றால் இன்னும் மோசம். ஒரு பள்ளியில் எட்டுப் பேர், இன்னொன்றில் ஒன்பது பேர் என்றால், 14 எடைகளில் மூன்று போட்டிகளாவது நடக்கும் என்பதற்கு மேல் எந்த உறுதியும் இல்லை. நேரில் பார்த்தால்தான் இதன் வலி புரியும். ஒலிபெருக்கியில் பெயர் வரும். ஒரு பையன் தலைக்காப்பை மாட்டிக்கொண்டு பாயின் நடுவுக்கு வருவான். எதிரே யாரும் இல்லை. நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடிப்பார், பெற்றோர் மரியாதைக்காகக் கைதட்டுவார்கள், அவன் திரும்பிப் போய் உட்காருவான். மறுபடியும் அடுத்த எடையில் அதே காட்சி. பனியில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த தாத்தா பாட்டிக்கு, வாரம் முழுதும் வியர்வை சிந்திய பேரனின் ஒரு பிடியைக்கூடப் பார்க்கக் கிடைக்காது.

ஆகவே கூட்டு அணி என்றதும் எல்லோர் மனதிலும் முதலில் வருவது இந்தக் காலியிடங்கள்தான். அங்கே ஒரு தப்புக் கணக்கு நடக்கிறது. எங்களிடம் ஒன்பது, அவர்களிடம் ஒன்பது, சேர்த்தால் பதினெட்டு, அணி நிரம்பிவிட்டது என்று பள்ளி வாரியக் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். நிரம்பாது. பதினாறு, பதினேழு வயதுப் பையன்களில் பெரும்பாலோர் 132 முதல் 165 பவுண்டுக்குள்தான் குவிந்திருப்பார்கள். அடியில் 106, 113-ம், உச்சியில் 215, 285-ம்தான் எந்த ஊரிலும் ஆள் கிடைக்காத எடைகள். இரண்டு ஊரிலும் நடுவில் கூட்டமும் இரு ஓரத்திலும் வெற்றிடமும் இருந்தால், பதினெட்டுப் பேரைச் சேர்த்த பிறகும் நிரம்பியது பத்து எடை, பெஞ்சில் எட்டுப் பேர் என்று ஆகிவிடும்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து 14 எடைகளையும் வரிசையாக எழுதி, இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் அவரவர் எடைக்கு நேராகக் குறித்துப் பாருங்கள். இந்த வருடத்துக்கு ஒரு தாள். இப்போது ஏழாவது, எட்டாவது படிக்கிறவர்களைச் சேர்த்து இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று இன்னொரு தாள். (மினசோட்டாவில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே முதல் அணியில் இறங்கலாம் என்பதால், அங்கே அடி எடைகள் நிரம்புவது கொஞ்சம் சுலபம்.) எந்தப் பேச்சுவார்த்தைக்கும் முன்னால் இந்த இரண்டு தாள்களும் மேசையில் இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் காலியிடத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஜோடியையும் பாருங்கள். தனிப் பள்ளியில் ஒரே ஒரு 285 பவுண்டுப் பையன் இருக்கிறான், அடுத்த பெரியவன் 175 என்றால், அந்தப் பெரிய பையன் சீசன் முழுக்க யாரைப் பிடித்துப் பயிற்சி செய்வான்? பயிற்சியாளரே கட்டிப்புரள வேண்டியதுதான். இல்லையென்றால் தன்னைவிட ஐம்பது கிலோ குறைந்தவன்மேல் முழுப் பலத்தைக் காட்டாமல் பொய்யாகப் பிடித்துப் பழகுவான். கோதாவில் சம எடைக்காரன் எதிரே வந்து நிற்கும்போது அந்தப் பொய்ப் பழக்கம் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 106 பவுண்டுச் சின்னவனுக்கோ நேரெதிர்ப் பிரச்சினை: தினமும் தன்னைவிடப் பெரியவர்களிடம் நசுங்கி, தோள்பட்டை வலியோடு ஜனவரியிலேயே விளையாட்டை விட்டுவிடுவான். கூட்டு அணியின் மிகப் பெரிய லாபம் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஜோடி கிடைப்பது. அணி வென்றாலும் தோற்றாலும் இந்த லாபம் போகாது.

இதையே திருப்பியும் சொல்லலாம். ஒன்பது பேர் மட்டுமே உள்ள பள்ளியில் அந்த ஒன்பது பேரும் 113 முதல் 150 வரை நெருக்கமாக இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஜோடி இருக்கிறது, நல்ல பயிற்சியாளர் இருக்கிறார். அந்தப் பள்ளி அவசரப்பட்டுக் கூட்டுக்குப் போக வேண்டியதில்லை. அணிப் போட்டிகளில் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் மல்யுத்தத்தில் பிள்ளை தன் எடையில் தனியாகத் தகுதி பெற்று மாநிலப் போட்டி வரை போகலாம். அணி கடைசி இடத்தில் இருந்தாலும் அவன் பதக்கத்தை யாரும் தடுக்க முடியாது. கால்பந்திலோ கூடைப்பந்திலோ இல்லாத வசதி இது. தனியாகத் தொடர்வது என்ற வழிக்கு உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

பள்ளி சின்னது என்பதாலேயே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஐயோவாவில் கில்பர்ட்வில் என்ற சிற்றூரில் டான் பாஸ்கோ என்று ஒரு கத்தோலிக்கப் பள்ளி இருக்கிறது. மாநிலத்தின் மிகச் சிறிய பள்ளிகளில் ஒன்று. சிறு பள்ளிகளுக்கான 1ஏ பிரிவில் மாநிலப் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வென்றிருக்கிறது. லிஸ்பன் என்ற இன்னொரு சிற்றூருக்கும் மல்யுத்தத்தில் அதே மாதிரிப் பெயர். இப்படிப்பட்ட ஊர்களில் பிள்ளைகள் தொடக்கப் பள்ளி வயதிலேயே பாயில் புரள ஆரம்பித்துவிடுகிறார்கள், அப்பாவும் சித்தப்பாவும் அதே அறையில் புரண்டவர்களாக இருப்பார்கள். அந்தப் பரம்பரை இல்லாத ஊர் அவர்களைக் காட்டி “அவர்களால் முடிகிறதே” என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் தன் ஊரின் சிறுவர் மல்யுத்தக் கிளப்பில் இப்போது முப்பது பிள்ளைகள் இருந்தால், நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக இருப்பதற்கு அர்த்தம் உண்டு.

சரி, கூட்டு அணிக்கு வருவோம். இந்த மாநிலங்களில் அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே நிலைமை தெரியும். மினசோட்டாவில் பெர்த்தா–ஹெவிட், வெர்ன்டேல், பார்க்கர்ஸ் பிரெய்ரி என்ற ஊர்கள் சேர்ந்து ஒரே அணியாக மாநிலப் போட்டி வரை போயிருக்கின்றன. தெற்கு டகோட்டாவில் கிம்பால், ஒயிட் லேக், பிளாட்–கெடஸ் சேர்ந்த அணி ஒன்று உண்டு. ஸ்கோர் பலகையில் அடங்காமல் முதலெழுத்துகளாகச் சுருங்கிப்போன பெயர்கள் இவை. வெளியூர்க்காரருக்குப் புரியாது, உள்ளூர்க்காரருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஊர்.

கூட்டில் கிடைப்பதைச் சொல்லிவிட்டேன். போவது என்ன? என் கணக்கில் மிகப் பெரிய இழப்பைப் பற்றி ஒப்பந்தக் கூட்டங்களில் குறைவாகத்தான் பேசுகிறார்கள். மாநிலப் போட்டிக்குத் தகுதி பெறுவதற்கான பிராந்தியப் போட்டிகளில் ஓர் அணிக்கு ஓர் எடையில் ஒருவர் என்பதுதான் வழக்கம். இரண்டு ஊரிலும் 138 பவுண்டில் ஒவ்வொரு நல்ல வீரர் இருந்தால், தனித்தனியாக இருந்தவரை இருவருமே மாநிலப் போட்டிக்கு முயன்றிருக்கலாம். கூட்டான பிறகு அணிக்குள் நடக்கும் தேர்வுப் போட்டியில் தோற்றவருக்கு அந்த எடையில் வழி அடைத்துவிட்டது. அப்புறம் அவர் அடுத்த மேல் எடைக்குப் போக வேண்டும், அல்லது எடையைக் குறைத்துக் கீழே போக ஆசைப்படுவார்.

அந்த ஆசை ஆபத்தானது. 1997-இல் சில வாரங்களுக்குள் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கப் போய் உயிரிழந்தார்கள். அதன் பிறகு கல்லூரியிலும், பின்னர் பள்ளியிலும் விதிகள் இறுகின. இப்போது பள்ளிப் பையன்கள் உடல் கொழுப்பு 7 சதவீதத்துக்குக் கீழே போகும் அளவுக்கு எடையைக் குறைக்கக் கூடாது, பெண்களுக்கு அது 12 சதவீதம். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் இறங்கவும் கூடாது. விதி இருக்கிறது, நல்லது. ஆனால் கூட்டு அணியால் ஓர் எடையில் மூன்று பேர் மோதும் நிலை வந்தால், இந்த விதியின் விளிம்பில் நிற்கப் போவது யாருடைய பிள்ளை என்று அந்த வெள்ளைத்தாளே முன்கூட்டிச் சொல்லிவிடும். பெற்றோரிடம் அதை மறைக்காமல் பேச வேண்டும்.

இன்னொன்று, மாநிலப் போட்டிக்கான வகுப்பு. ஐயோவாவிலும் மினசோட்டாவிலும் ஆண்கள் மல்யுத்தத்துக்கு மூன்று வகுப்புகள், நெப்ராஸ்காவில் நான்கு. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பார்கள். கூட்டு அணி என்றால் சேர்ந்த பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் பரவலான வழக்கம். எல்லைக்கோட்டில் நிற்கும் இரண்டு பள்ளிகள் சேர்ந்தால் மேல் வகுப்புக்குத் தள்ளப்பட்டு, நகரத்துப் பள்ளிகளோடு மோத நேரிடலாம். நிரம்பிய அணியோடு பெரிய வகுப்பில் தோற்பதா, குறையணியோடு சிறிய வகுப்பில் தோற்பதா என்று கேட்டால், நான் முதலாவதைத்தான் சொல்வேன். காலியான பாயில் கை தூக்கி நிற்பதைவிடத் தோற்றுக் கற்றுக்கொள்வது மேல்.

பயணம் மூன்றாவது. 25 மைல் தூரம் என்றால் நல்ல சாலையில் அரை மணி நேரம். ஜனவரிப் பனிப்புயலில் பயிற்சியே ரத்து. பிள்ளை இரவு ஏழரைக்கு வீடு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் செய்து, மாட்டுக் கொட்டகை வேலையும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று பயிற்சியை மாற்றி மாற்றி வைப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. பாய்களைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்காவிட்டால் படர்தாமரை அணி முழுக்கப் பரவும். இரண்டு அறைகளில் பொறுப்பு பாதிப் பாதி என்றால் இரண்டுமே அரைகுறையாகக் கிடக்கும். ஒரே அறை, இன்னொரு ஊரிலிருந்து பள்ளிச் செலவில் பேருந்து, பேருந்தை விட்டவர்களுக்கு என்ன வழி என்று எழுத்தில் ஓர் ஏற்பாடு. இதுதான் வேலைக்கு ஆகும்.

அணிச் சின்னம், சட்டை நிறம் பற்றிய சண்டையில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. ஊர்ப்பெருமையைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் மாட்டேன், அதற்காகத்தான் அந்தத் தாத்தா பாட்டி வருகிறார்கள். இரண்டு நிறத்தையும் சேர்த்துப் புதுச் சட்டை தைத்துவிட்டால் இரண்டாவது சீசனில் பேச்சு அடங்கிவிடும். சொந்த ஊரில் நடக்கும் போட்டிகளை மட்டும் இரண்டு ஊருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். பயிற்சி ஓர் ஊரில் இருக்கலாம், போட்டியும் அங்கேயே என்றால் மற்ற ஊர் மெல்ல மெல்லக் கை கழுவிவிடும்.

அதைவிட அவசியமான ஒன்று சிறுவர் கிளப். கூட்டு வந்ததும் பயிற்சி அறை இல்லாத ஊரில் முதலில் மூடப்படுவது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பாகத்தான் இருக்கும். ஐந்து வருடம் கழித்து அந்த ஊரிலிருந்து அணிக்கு ஒரு பிள்ளையும் வராது. பெயரில் இரண்டு ஊர், ஆளில் ஒரு ஊர். எட்டு வயதுப் பிள்ளையை வேலை நாள் மாலையில் 25 மைல் ஓட்டிப்போக எந்தப் பெற்றோராலும் முடியாது. ஆகவே பழைய பாய் ஒன்றாவது அந்த ஊர் உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்க வேண்டும், ஒருவருக்காவது சம்பளம் கொடுத்து வாரம் இரண்டு மாலை அங்கே நிறுத்த வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லையென்றால் நான் அந்த ஒப்பந்தத்துக்கு ஆதரவு தர மாட்டேன்.

மூன்றாவது வழி, அதாவது அணிப் போட்டிகளை விட்டுவிட்டுச் சனிக்கிழமை தனிநபர் போட்டிகளுக்கு மட்டும் போவது, மூன்று நான்கு பேர் மட்டும் மிஞ்சிய பள்ளிக்குப் பொருந்தும். ஒரே நாளில் மூன்று நான்கு நிஜப் போட்டிகள் கிடைக்கும், யாரும் காலிப் பாயில் நிற்க வேண்டாம். ஆனால் ஜோடிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது, அணியென்ற உணர்வும் போய்விடுகிறது. ஒரு சீசனுக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இடையில் பள்ளி விளையாட்டுகளின் விதிகளை வகுக்கும் தேசியக் கூட்டமைப்பும் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2023–24 முதல் 12, 13, 14 எடைப் பிரிவுகளில் எதை வைத்துக்கொள்வது என்று அந்தந்த மாநிலமே தேர்ந்தெடுக்கலாம். 12 ஆனால் காலியிடம் குறையும், நெருங்கிய எடைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். இது பள்ளியின் கையில் இல்லை என்பதால் இந்த முடிவுக்குள் கொண்டுவர வேண்டாம்.

பெண்கள் அணியைத் தனியாகப் பார்க்க வேண்டும். நாடு முழுக்கப் பள்ளி மல்யுத்தத்தில் பெண்கள் 2021–22-இல் சுமார் 31 ஆயிரம், 2023–24-இல் 64 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். மினசோட்டாவில் பெண்களுக்கான முதல் மாநிலப் போட்டி 2022-இல் நடந்தது, ஐயோவாவில் பெண்களுக்கென்று தனிச் சங்கமே இருக்கிறது, அதன் முதல் மல்யுத்த சீசன் 2022–23. சிறு பள்ளி ஒன்றில் இரண்டோ மூன்றோ பெண்கள் சேர்கிறார்கள்; அவர்களுக்குப் பள்ளிக்குள் ஜோடி கிடைப்பது பையன்களைவிடப் பல மடங்கு கடினம். பையன்கள் தனியாகத் தொடர முடிவெடுத்த பள்ளியிலும், பெண்களுக்குக் கூட்டு அணிதான் சரியான வழி என்று நான் தயங்காமல் சொல்வேன். பையன்களுக்கு ஒரு பக்கத்து ஊர், பெண்களுக்கு இன்னொரு பக்கத்து ஊர் என்றுகூட வைத்துக்கொள்ளலாம், மாநில விதி இடம் கொடுத்தால்.

முடிவெடுக்கும் நேரமும் முக்கியம். கூட்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு பள்ளி வாரியங்களும் மாநிலச் சங்கமும் ஒப்புதல் தர வேண்டும், அதற்குக் கெடு தேதி உண்டு. இலையுதிர் காலத்தில் ஆள் எண்ணிப் பார்த்துப் பதறினால் அந்த வருடம் கைநழுவிவிடும். சீசன் முடிந்த மார்ச் மாதத்திலேயே அந்த இரண்டு தாள்களையும் எழுதுங்கள். 14 எடைகளில் பத்துக்கு மேல் தனியாகவே நிரம்பி, எல்லோருக்கும் ஜோடி இருந்தால் தனியாக இருங்கள். ஜோடியில்லாத பிள்ளைகள் மூன்று பேருக்கு மேல் இருந்து, பக்கத்து ஊர்த் தாளில் அவர்களுக்கு ஜோடி தெரிந்தால் கூட்டுக்குப் போங்கள். பக்கத்து ஊரிலும் அதே நடு எடைக் குவியல்தான் என்றால், அரை மணி நேரம் கூடுதலாக ஓட்டினாலும் பரவாயில்லை என்று அதற்கடுத்த ஊரோடு பேசிப் பாருங்கள். ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு மட்டும் போட்டு, புதுப்பிக்கும் முன் முதல் அணியில் இடம் கிடைக்காமல் போன பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு இரண்டாம் அணியில் எத்தனை போட்டிகள் கிடைத்தன என்ற கணக்கை இரண்டு வாரியங்களும் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.